புல்லுக்கு ஊற்றிய கை

செய்னுலாப்தீனின் ஜனாஸா வீட்டை விட்டுப் போய் ஒரு கிழமை ஆவதற்குள் அவருடைய புல்லைப் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது. துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் அவர் மனைவி ஹஃபீலாவின் அறைக்குள் வந்து, கையைப் பிடித்து, கொஞ்சம் அழுது, பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிப் பெருமூச்சு விட்டார்கள். மனுசன் போன கையோடு புல்லும் வாடிவிட்டது, வாயில்லாத சீவனுக்கும் எல்லாம் தெரிகிறது என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். வெள்ளைச் சேலையில் பாயில் உட்கார்ந்திருந்த ஹஃபீலாவும் சேர்ந்து தலையாட்டினாள். புல்லுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். ஜனாஸா எடுத்த நாளிலிருந்து அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருடமும் ஊற்றியவள் இத்தாவில், வெளிவாசல் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆலங்குடாவில் கடற்கரைக்குப் போகும் அந்த ஒழுங்கையில் புல் போட்ட வீடு அது ஒன்றுதான். மற்ற வீடுகளின் முன்னால் மணல் இருக்கும், தென்னை இருக்கும், காயப்போட்ட வலை இருக்கும், ஆட்டுப் புழுக்கை இருக்கும். செய்னுலாப்தீன் வீட்டு முன்னால் மட்டும் பள்ளிவாசல் கம்பளம் மாதிரி ஒரு பச்சைச் சதுரம். மதில் கூடக் கட்டவில்லை. ஒழுங்கையால் போகிறவர்கள் பார்க்க வேண்டுமே. கட்டின துணியோடு மன்னாரின் முசலிப் பக்கத்திலிருந்து துரத்தப்பட்டு வந்து, கிடுகுக் கொட்டிலில் அகதியாக இருந்த மனிதருக்கு இப்படியொரு ஆசை எங்கிருந்து வந்தது என்று ஊர் கேட்டது. ரியாத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு அரபியின் மாளிகையில் அவருக்குப் புல் பார்க்கும் வேலை. பாலைவனத்து வெயிலில் அடுத்தவனுடைய புல்லைப் பச்சையாக வைத்திருந்தே அவருடைய வாலிபம் போனது. அவர் அங்கே குழாயைத் திருகிக்கொண்டிருந்த காலமெல்லாம் ஹஃபீலா இங்கே முகாமின் பொதுக் கிணற்றடியில் வரிசையில் நின்று குடம் சுமந்தாள்.

யுத்தம் முடிந்து அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, முசலியில் காணி இருந்தவர்கள் போய்க் காடு வெட்டத் தொடங்கியிருந்தார்கள். இவர் ஒரு தடவை போய்ப் பார்த்தார். வீடு இருந்த இடத்தில் பாலை மரம் நிற்கிறதென்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். பிறகு ஆலங்குடாவில் இந்தத் துண்டை வாங்கி, வீட்டைக் கட்டி, உள்ளே பூச்சு வேலை முடியும் முன்பே லொறியில் புல் பாளங்களை இறக்கினார். அந்த மணலுக்கு எவ்வளவு ஊற்றினாலும் போதாது. காலையில் ஊற்றினது பகல் சாப்பாட்டுக்கு முன் காணாமல் போய்விடும். கொஞ்ச நாளில் சீனி வியாதி அவருடைய கால்விரல்களில் வந்து நின்றது. வைத்தியர் விரல்களை எடுத்தார், குழாய் ஹஃபீலாவின் கைக்கு வந்தது. அன்று தொடங்கி அவர் மௌத்தாகும் வரை காலையில் கண் விழித்ததும் அவர் வாயில் வந்த முதல் வார்த்தை பிஸ்மி, இரண்டாவது வார்த்தை "ஊத்தினியா?"

வெளியே சொல்ல முடியாத ஒன்று அவளிடம் இருந்தது. இத்தா அவளுக்குப் பிடித்துப்போயிற்று. கணவனை இழந்தவள் நான்கு மாதமும் சொச்சமும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது, வெளிவாசல் இறங்கக்கூடாது என்று மற்றப் பெண்கள் பரிதாபத்தோடு சொன்னதெல்லாம் அவள் காதில் வேறு மாதிரி விழுந்தது. சொந்தக்காரப் பெண்கள் மாறி மாறி வந்து சமைத்து வைத்துவிட்டுப் போனார்கள். லுஹர் தொழுதுவிட்டுப் படுத்தால் அஸர் பாங்குக்குத்தான் கண் விழித்தாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து பகலில் அவள் இப்படித் தூங்கியதில்லை. தூக்கத்திலிருந்து எழும்பி, பக்கத்துக் கட்டில் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்து அவரை நினைத்து அழுதாள். அழுது முடித்ததும் மறுபடி தூக்கம் வந்தது. இரண்டும் உண்மைதான். இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மகன் ஸப்வானுக்குப் புத்தளம் நகரத்தில் ஃபோன் திருத்தும் கடை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து வருவான். நல்ல பிள்ளை, உம்மாவுக்குப் பழம் கொண்டுவராமல் வந்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பழத்தோடு ஒரு யோசனையும் கொண்டுவந்தான். உம்மா தனியாக இங்கே இருந்து என்ன செய்வது? இத்தா முடிந்ததும் புத்தளத்துக்கு வந்துவிட வேண்டியதுதான். அவன் மனைவி மர்ளியா பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், சின்னப் பிள்ளையைப் பார்க்க வைத்த வேலைக்காரப் பிள்ளையும் நின்றுவிட்டது. இந்த வீட்டை மர்ஸூக் கேட்கிறான். மர்ஸூக் என்பது கடலில் பட்டம் கட்டிச் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் பொடியன். காற்றுக் காலம் தொடங்கினால் ஆட்கள் வந்து இறங்கிவிடுவார்கள். கடற்கரையோடு எத்தனையோ வீடு இருக்க, அவன் இதைக் கேட்பதற்குக் காரணம் புல். அந்தப் பெரிய பட்டங்களை மணல் ஒட்டாமல் விரித்துக் கழுவவும் காயவிடவும் வெள்ளைக்காரர்களுக்குப் புல் வேண்டுமாம். புல் பச்சையாக இருந்தால் வீட்டை எடுப்பான், காய்ந்து கிடந்தால் வேறு வீடு பார்ப்பான்.

ஹஃபீலா ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று ஸப்வான் எடுத்துக்கொண்டான். புத்தளத்து வீட்டில் உம்மாவுக்கென்று ஒரு அறை இருப்பதாகச் சொன்னான். அந்த அறை எதுவென்று அவளுக்குத் தெரியும். தொட்டில் கட்டிய அறை.

அவளுக்கு எங்கும் போக வேண்டாம். முசலியிலிருந்து போ என்றபோது போனாள். முகாமை மாற்றியபோது கொட்டிலைப் பிரித்துத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். செய்னுலாப்தீன் ஆலங்குடா என்றபோது ஆலங்குடாவுக்கு வந்தாள். எந்த இடத்துக்குப் போனாலும் அங்கே தண்ணீர் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டியிருந்தது. இனி ஒரு வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் எதையும் ஊற்றாமல் இருக்க வேண்டும் போலிருந்தது. பேரப்பிள்ளைகளில் அவளுக்கு உயிர். ஆனால் உயிரைத் தூக்கி இடுப்பில் வைக்கிற பலம் இடுப்புக்கு இல்லை. இதையெல்லாம் மகனிடம் எப்படிச் சொல்வது? மகன் கூப்பிட்டும் போகாதவள் என்று ஊர் பேசும். எந்தப் புல்லை அவள் அத்தனை வருடம் உயிரோடு வைத்திருந்தாளோ அந்தப் புல்லே அவளை வீட்டை விட்டுக் கிளப்பப் போகிறது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை, களைப்புத்தான் வந்தது.

புல்லுக்கு ஊற்றப் பக்கத்து வீட்டுப் பவுலினாவிடம் ஸப்வான் பேசிவிட்டுப் போனான். ஆண்பிள்ளை யாரையும் முற்றத்தில் விட முடியாது, பவுலினா பெண்தானே. பவுலினாவும் அவள் புருசன் அன்ரனிப்பிள்ளையும் கருவாடு போடுகிறவர்கள். உச்சமுனைப் பக்கமிருந்து வரும் மீனை வாங்கி, தொட்டியில் உப்பில் போட்டு, தட்டியில் காயவைப்பார்கள். வேலைக்கு அஞ்சாதவள் பவுலினா. ராத்தா நீங்கள் படுங்கள், அயலுக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்வது என்று ஜன்னலடியில் வந்து சொன்னாள். காலையிலும் மாலையிலும் ஹஃபீலா குசினிக்குள் மோட்டர் சுவிச்சைப் போடுவாள், பவுலினா வெளியே ஊற்றுவாள், போதும் என்றால் சுவரில் தட்டுவாள். சுவிச்சைப் போடும்போதெல்லாம் தன் பெட்டியைத் தானே கட்டுவது போலிருந்தது ஹஃபீலாவுக்கு. ஆனாலும் போட்டாள்.

பங்குனி வெயில் பவுலினாவையும் தோற்கடித்தது. அவள் ஊற்ற ஊற்றப் புல் மஞ்சளித்துக்கொண்டே போனது. செய்னுலாப்தீன் மாதத்துக்கொரு முறை வெங்காயத்துக்குப் போடுவது போல ஒரு பிடி யூரியா எறிவார். அதைப் பவுலினாவிடம் யாரும் சொல்லவில்லை. ஹஃபீலா சொல்லியிருக்கலாம், கேட்டால் சொல்வோம் என்றிருந்தாள். பவுலினா கேட்கவில்லை. தன் கையில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் காலை சுவிச்சைப் போடச் சொல்லி அழைப்பு வரவில்லை. பேச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஹஃபீலா அறைக்குப் போய்த் திரைச்சீலையை ஒரு விரலளவு விலக்கினாள். பவுலினாவும் அன்ரனிப்பிள்ளையும் ஒரு பெரிய வாளியைக் கம்பில் கோத்து ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்றம் அவர்களுக்கு முன்னால் வந்தது. கருவாட்டுத் தொட்டியின் அடித் தண்ணீர். உப்பும் மீன் இரத்தமும் சேர்ந்து கரைந்தது. அந்த ஒழுங்கையிலேயே குலை தாங்காமல் முட்டுக் கொடுத்து நிற்கும் தென்னைகள் பவுலினா வளவில்தான் இருக்கின்றன, அவள் அவற்றின் அடியில் ஊற்றுவது இதைத்தான். உப்புக் காட்டாத தென்னை காய்க்காது என்பாள். தன்னிடம் இருப்பதில் எது நல்லதோ அதைப் புல்லுக்கும் கொண்டுவந்திருக்கிறாள்.

உப்பு அந்தப் புல்லை என்ன செய்யும் என்று ஹஃபீலாவுக்குத் தெரியும். ஒரு முறை நல்ல தண்ணீர்க் கிணற்று மோட்டர் பழுதாகி, பின்பக்கத்து உவர்க் கிணற்றிலிருந்து ஒரு மூலைக்கு அள்ளி ஊற்றினார்கள். அந்த மூலை அடுப்பில் வைத்தது போல் கருகிப்போனது. செய்னுலாப்தீன் அன்று சோறு தின்னவில்லை. இப்போது வாயைத் திறந்து ஒரு வார்த்தை, "பவுலினா, வேணாம்" என்றால் போதும். ஆனால் அன்ரனிப்பிள்ளை நிற்கிறான். இத்தாவில் இருப்பவளின் சத்தம் அந்நிய ஆணின் காதில் விழக்கூடாது என்று வந்த பெண்கள் சொல்லியிருந்தார்கள். அதே அன்ரனிப்பிள்ளையோடு சூடை மீனுக்கு விலை பேசி ஒழுங்கை அதிரக் கத்தியவள்தான் அவள். இருந்தாலும் மார்க்கத்தில் சொன்னதைத்தானே செய்கிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பவுலினா சிரட்டையால் அள்ளி அள்ளி, ஒரு இடமும் விடாமல், கோழிக்குத் தீன் போடுவது போல் தெளித்தாள்.

அந்தச் சமாதானமும் இரண்டு நாள்தான் நின்றது. மூன்றாம் நாள் பவுலினா தனியாக வந்தாள். ஜன்னலடியில் வாளியை வைத்துவிட்டுத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நிற்பவளிடம் கேட்டாள்.

"ராத்தா, இன்னொரு வாளி ஊத்தட்டா? மண் நல்லாக் குடிக்குது."

ஹஃபீலா முற்றத்தைப் பார்த்தாள். அந்நிய ஆண் யாரும் இல்லை. காகங்கள் மட்டும் புல்லில் இறங்கி மீன் செதிலைக் கொத்திக்கொண்டிருந்தன.

"உங்கட விருப்பம், பவுலினா" என்றாள்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். இங்கே உப்புத் தின்றது புல், அதற்குத் தண்ணீர் குடிக்க வேண்டிவந்தது பவுலினாவுக்கு. திட்டுத் திட்டாகத் தொடங்கி, பிறகு திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, சதுரம் முழுவதும் பெருக்கித் தேய்ந்த பழைய தும்புத்தடி நிறத்துக்கு வந்தது. ஈ மொய்த்தது, ஊர்ப் பூனைகள் எல்லாம் அங்கே படுத்தன. பவுலினா முதலில் நல்ல தண்ணீரை விட்டுக் கழுவிப் பார்த்தாள். பிறகு வேலியைத் தாண்டி வருவதை நிறுத்திவிட்டாள். தன் வளவில் கருவாடு புரட்டும்போதுகூட இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். உன் கையில் பிழையில்லை என்று ஹஃபீலா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்வோம் என்று விட்டாள். வீடு மிஞ்சியது என்கிற நிம்மதியும் இந்தப் பெண்ணை இப்படி நிற்க வைத்துவிட்டேனே என்கிற வேதனையும் ஒரே பாயில் அவளோடு படுத்துக் கிடந்தன. லுஹருக்குப் பிறகு வந்த தூக்கம் நின்றுபோனது.

இடையில் ஸப்வானுக்குக் கடையில் ஏதேதோ தொல்லை, சில கிழமை ஃபோனில் மட்டும் பேசினான். புல்லைக் கேட்டான். இருக்கிறது என்றாள். அது பொய்யில்லை, அந்த இடத்தில்தான் இருந்தது. இத்தா முடிந்த அன்று ஹஃபீலா குளித்து, நிறச் சேலை மாற்றினாள். வந்த பெண்கள் துஆ ஓதிச் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, ஸப்வான் மர்ஸூக்கையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினான். முற்றத்தைப் பார்த்ததும் மோட்டார் சைக்கிளின் எஞ்சினை அணைக்கவும் மறந்துபோய் நின்றான். குனிந்து ஒரு கொத்தைப் பிடுங்கி மோந்து பார்த்தான். பிறகு வேலியடிக்குப் போய், ஒழுங்கையே கேட்கும்படி பவுலினாவை ஏசத் தொடங்கினான். புல்லுக்குக் கருவாட்டுத் தண்ணீர் ஊற்றுகிற அறிவை எங்கே வாங்கினாய் என்றான். பவுலினா கையிலிருந்த மீனைத் தட்டியில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹஃபீலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளிவாசல் படியிறங்கினாள். செருப்புக்கூடப் போடவில்லை. வெயிலுக்குக் கண் கூசியது.

"அவவ ஏசாத, ஸப்வான். அவ நல்லதெண்டு நினைச்சுத்தான் ஊத்தினா. நான் ஜன்னலுக்குள்ள நிண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தன். உப்புப் பட்டாப் புல்லு சாகுமெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விட்டன்."

பவுலினா தலையை நிமிர்த்தினாள். அவள் முகத்தில் வந்தது கோபமா ஆறுதலா என்று ஹஃபீலாவால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டாள். ஸப்வான் உம்மாவைப் பார்த்தான். ஏன் என்று அவன் கேட்டிருந்தால் அவள் அங்கேயே எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள். அவன் வாயைத் திறக்கும் முன் மர்ஸூக் குறுக்கே வந்தான். மாமி ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம், மேல் மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டுப் புது மண் போட்டு, ஒரு லொறி புல் இறக்கினால் ஒரே நாளில் பச்சைதான், காற்றுக் காலத்துக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது என்றான். ஸப்வான் அதைப் பிடித்துக்கொண்டான். உம்மா சொன்னது காதில் விழாதது போல, லொறிக்காரனின் நம்பரைக் கேட்டான்.

லொறி வந்தது. ஆட்கள் செத்த புல்லைச் சுரண்டி, நாறும் மண்ணை அள்ளி ஒழுங்கையின் பள்ளத்தில் கொட்டினார்கள். புது மண்ணைப் பரப்பி, பாளம் பாளமாகப் புல்லை ஒன்றோடொன்று நெருக்கி வைத்து, பலகையால் தட்டினார்கள். ஹஃபீலா அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். ஒரு மனிதர் அத்தனை வருடம் கட்டிக் காத்த சதுரம் பகல் சாப்பாட்டுக்கு முன் திரும்பி வந்துவிட்டது. இவ்வளவு சுலபமா இது? ஆட்கள் போகும்போது, வேர் பிடிக்கும் மட்டும் காலையும் மாலையும் தவறாமல் ஊற்ற வேண்டும், முதல் நாட்களில் ஒரு நேரம் விட்டாலும் ஓரம் சுருண்டுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஸப்வான் குழாயை இழுத்து வந்து அவளிடம் நீட்டினான்.

"இந்தாங்க உம்மா. இது வேர் பிடிக்கட்டும், பிறகு நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறன்."

அவள் கையை நீட்டவில்லை.

"இல்ல மவன். நான் ஊத்த மாட்டன்."

"ஏன், கை நோவுதா?"

"கை நோவல்ல. எனக்குக் களைச்சுப் போச்சு. முகாமில உங்களுக்கு ஊத்தினன், இஞ்ச வாப்பாட புல்லுக்கு ஊத்தினன். இது வேர் பிடிச்சா நான் இந்த வீட்ட விட்டு எழும்போணும். எனக்கு எழும்ப ஏலா. நீ வேணுமெண்டா ஊத்து, நான் தடுக்கல்ல. என்ட கையால நான் ஊத்த மாட்டன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் படியில் உட்கார்ந்துகொண்டாள். ஸப்வான் குழாயைப் பிடித்தபடி நின்றான். வெயிலைப் பார்த்தான், புல்லைப் பார்த்தான். கடைக்கு இனி எப்போது போவது என்று கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. மோட்டர் சுவிச் எங்கே என்று கேட்டான். குசினிக் கதவுக்குப் பின்னால் என்று சொன்னாள். உள்ளே போய்ப் போட்டுவிட்டு வந்து, காற்சட்டையைக் கொஞ்சம் மடித்துவிட்டுக்கொண்டு ஊற்றத் தொடங்கினான்.

அவனுக்கு ஊற்றத் தெரியவில்லை. குழாயின் வாயில் பெருவிரலை வைத்து அமுக்கி, தண்ணீரைத் தூறலாக்கி, கையை வீசிக்கொண்டே இருக்க வேண்டும். அவன் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே புது மண் கரைந்து, ஒரு பாளம் மெல்லத் தூக்கி மிதந்தது. சப்பாத்துக் காலால் அதை மிதித்து அமுக்கினான். அது அமுங்க, பக்கத்துப் பாளம் எழும்பியது. அதற்குப் போனான். முதலாவது திரும்பவும் மிதந்து நழுவ, அதன் அடியிலிருந்து கலங்கல் தண்ணீர் படியை நோக்கி ஓடி வந்தது. ஸப்வான் நிமிர்ந்து உம்மாவைப் பார்த்தான். ஹஃபீலாவின் பெருவிரல் தானாக மடங்கியது. அவள் அந்தக் கையை மற்றக் கையால் பொத்தி மடியில் வைத்துக்கொண்டு, கால்களை மட்டும் ஒரு படி மேலே தூக்கி வைத்தாள்.